ளகரத்தைப் பெரிய எழுத்தில் ஒளிக்க வேண்டாம்: தமிழ் நிரலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழுக்காகக் கட்டற்ற மென்பொருள் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

சொற்பிழை திருத்தி, அகராதி, எழுத்துப்பெயர்ப்பு, சொல் பகுப்பி என்று எதை எழுதினாலும் உங்கள் நிரலுக்குள் தமிழ்ச் சொற்கள் பெயர்களாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மதிப்பைத் தாங்கும் மாறிக்கும், ஒரு வேலையைச் செய்யும் ஃபங்ஷனுக்கும், பொருள்களின் வகையை வரையறுக்கும் கிளாஸுக்கும், கோப்புக்கும், டேட்டாபேஸ் அட்டவணைக்கும் தமிழில் பெயர் வைக்கிறோம். அந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறோம். அப்படி எழுதும்போது ள, ண, ற ஆகியவற்றைக் காட்டப் பெரிய எழுத்தைப் போடும் வழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. பெரிய எல் போட்டால் ளகரம், பெரிய என் போட்டால் ணகரம், பெரிய ஆர் போட்டால் றகரம். இந்த வழக்கத்தை நிரலுக்குள் மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வழக்கம் வந்த வழி நியாயமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, ரோமன் எழுத்துக்குக் கீழே புள்ளியும் கோடும் இட்டு ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டியது. இந்திய எழுத்துகளை ரோமனில் எழுத 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 15919 தரமும் அதே வழியில்தான் போகிறது. ஆனால் அந்தப் புள்ளியும் கோடும் அந்தக் காலத்து மின்னஞ்சலில் போகாது. கையில் இருந்தவை ஆங்கிலத்தின் 26 சிறிய எழுத்துகள், 26 பெரிய எழுத்துகள். அதனால் தமிழை ரோமன் எழுத்தில் எழுதியவர்கள் பெரிய எழுத்துக்கு ஓர் ஒலியைக் கொடுத்தார்கள். ஒலிக்கு ஏற்ற ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் எழுத்தைத் தரும் ‘அஞ்சல்’ போன்ற ஒலிப்பு முறை விசைப்பலகைகள் அதையே நம் விரலுக்குப் பழக்கின. தட்டச்சுக்கு அது அருமையான ஏற்பாடு. ஷிஃப்ட் விசையோடு எல் தட்டினால் திரையில் ள வந்து நிற்கிறது, தட்டிய பெரிய எழுத்து மறைந்துவிடுகிறது. நிரலில் அது மறைவதில்லை. தட்டியபடியே பெயருக்குள் தங்கி, மனிதரும் இயந்திரமும் ஆண்டுக்கணக்கில் படிக்கும் பொருளாகிவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு வரிசையிலிருந்து அடுத்த வேலையை எடுத்துக்கொள்ளும் ஃபங்ஷனுக்கு ‘கொள்’ என்று பெயர் வைக்கிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேலையை முடித்துக்கட்டும் ஃபங்ஷனுக்கு ‘கொல்’ என்று பெயர். இரண்டும் இயல்பான தமிழ் ஏவல்கள், இரண்டும் சுருக்கமானவை, பொருத்தமானவை. ஆங்கில எழுத்தில் எழுதினால் மூன்றே எழுத்து. முதல் இரண்டு எழுத்தும் ஒன்றுதான். கடைசி எல் சிறியதா பெரியதா என்பதில்தான் எடுப்பதும் கொல்வதும் வேறுபடுகின்றன. நள்ளிரவில் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருப்பவரின் கண்ணுக்கு அந்த வேறுபாடு தட்டுப்படும் என்று நம்புவது நியாயமா?

இது தேடிப்பிடித்த இணையன்று. ஒரு வேளாண்மைக் கணக்கில் அட்டவணையின் கிடைவரிசை ‘நிரை’, விளைச்சலின் எடை ‘நிறை’. பள்ளிக் கணிதப் புத்தகத்திலும் இயற்பியல் புத்தகத்திலும் உள்ள சொற்கள்தாம் இவை. ஒரே வரியில் இரண்டும் வரும். வானிலைச் செயலியில் ‘பனி’ ஒரு தரவு, குறித்த நேரத்தில் ஓட வேண்டிய வேலை ‘பணி’. ‘எண்’ என்பது நிரலில் நாம் அதிகம் விரும்பும் சொல். அதைச் சிறிய என் கொண்டு எழுதினால் ‘என்’ ஆகிவிடும். அரை, அறை. குரை, குறை. கலை, களை. மனம், மணம். லகர ளகர, னகர ணகர, ரகர றகர வேறுபாட்டில்தான் தமிழில் பொருளே மாறுகிறது என்று தொடக்கப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வேறுபாட்டைச் சுமக்கும் பொறுப்பைப் பெரிய எழுத்தின் தலையில் வைத்தோம். நிரல் உலகத்தில் அந்தப் பெரிய எழுத்துக்கு ஏற்கெனவே வேறொரு வேலை இருக்கிறது.

அந்த வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்கும் இடத்தைக் காட்டுவது. கேமல் கேஸில் முதற்சொல் சிறிய எழுத்தில் தொடங்கும், அடுத்தடுத்த சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். பாஸ்கல் கேஸில் முதற்சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், சி ஷார்ப் எல்லாம் இந்த மரபில் நடக்கின்றன. இவற்றில் கிளாஸின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும், மாறாத மதிப்பின், அதாவது மாறிலியின், பெயர் பல இடங்களில் முழுதும் பெரிய எழுத்தில் இருக்கும். ஆக ஒரு பெரிய எழுத்தைப் பார்த்தால் அது சொல் எல்லையா, கிளாஸா, மாறிலியா என்று கண் ஏற்கெனவே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதோடு ஒலியையும் சேர்த்தால் என்ன ஆகும்? ‘சொல் நீளம்’ என்பதைக் கேமல் கேஸில் எழுதுங்கள். நடுவில் பெரிய என் வரும். அது இரண்டாவது சொல் தொடங்குவதைக் காட்ட வந்தது. ஒலிப்பு முறையில் படிப்பவருக்கு அது ணகரம். இன்னொரு பெயரில் உண்மையிலேயே ணகரத்தைக் காட்ட வந்த பெரிய என் இருக்கும், கேமல் கேஸுக்குப் பழகியவர் அதை அங்கே ஒரு சொல் உடைகிறது என்று படிப்பார். நிரல் எழுதியவரைத் தவிர வேறு யாராலும் இதை உறுதியாகப் பிரிக்க முடியாது. முழுதும் பெரிய எழுத்தில் எழுதும் மாறிலிப் பெயரில் இன்னும் மோசம்: அங்கே லகரமும் ளகரமும் ஒன்றே.

இயந்திரமும் நமக்கு உதவப் போவதில்லை. விண்டோஸின் கோப்பு முறைமையும் மேக்கின் கோப்பு முறைமையும் இயல்பு அமைப்பில் பெரிய சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். லினக்ஸில் வேலை செய்பவர் ‘நிரை’க்கு ஒரு கோப்பும் ‘நிறை’க்கு ஒரு கோப்பும் ஒரே கோப்புறையில் வைத்து, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் ஏற்றுகிறார். விண்டோஸ் வைத்திருக்கும் கல்லூரி மாணவி அதை இறக்கும்போது இரண்டில் ஒன்றுதான் அவர் வட்டில் இருக்கும். மற்றொன்றை அவர் மாற்றிவிட்டதாகக் கிட் காட்டும். அவர் ஒன்றும் செய்யவில்லை. தமிழ் மென்பொருளுக்குப் பங்களிக்க வந்த முதல் நாளே இப்படி ஒரு முட்டுச்சந்தில் நிற்பவர் மறுபடி வருவாரா என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

பிஎச்பி மொழியில் மாறிப் பெயர் எழுத்து வேறுபாடு பார்க்கும், ஃபங்ஷன் பெயரும் கிளாஸ் பெயரும் பார்க்காது. ஆகவே மேலே சொன்ன ‘கொள்’, ‘கொல்’ இரண்டையும் அங்கே சேர்த்து எழுதவே முடியாது, ஏற்கெனவே இருக்கும் ஃபங்ஷனை மறுபடி அறிவிக்கிறாய் என்று நிறுத்திவிடும். மேற்கோள் குறியில்லாமல் எழுதிய அட்டவணைப் பெயரைப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சிறிய எழுத்தாக மாற்றிக்கொள்கிறது, ஆரக்கிள் டேட்டாபேஸ் பெரிய எழுத்தாக மாற்றிக்கொள்கிறது. இணைய முகவரியின் தளப்பெயர்ப் பகுதியில் பெரிய எழுத்துக்குப் பொருளே இல்லை. பைத்தான் தொகுப்புகளின் பொதுக் கிடங்கு பெயர்களைச் சிறிய எழுத்தாக்கித்தான் ஒப்பிடுகிறது, ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் கிடங்கு புதிய தொகுப்புப் பெயரில் பெரிய எழுத்தையே ஏற்பதில்லை. நாம் கவனமாக எழுதிய ளகரம் இவை ஒவ்வொன்றின் வாசலிலும் லகரமாகிவிடுகிறது. எங்கே நிற்கும், எங்கே போகும் என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு பெயர் வைக்க முடியாது.

பெயர் வைக்கும் இந்த மரபுகளைப் புனிதமாக எண்ணுபவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் துளை அட்டைகளின் காலத்தது, அதில் பெரிய எழுத்து மட்டுமே. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்க 1963-இல் வெளிவந்த ஆஸ்கி தரத்தில் சிறிய எழுத்தே இல்லை. இன்று அடிக்கோடு இருக்கும் இடத்தில் அப்போது இடப்பக்க அம்புக்குறி இருந்தது. 1967-இல் திருத்தியபோதுதான் சிறிய எழுத்துகளும் அடிக்கோடும் உள்ளே வந்தன. ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவான ஸ்மால்டாக் மொழி, அந்த அம்புக்குறியை மதிப்பிடும் குறியாக எடுத்துக்கொண்டது. சொற்களைப் பிரிக்க அங்கே அடிக்கோடு கைக்கு வராததால், நடுவில் பெரிய எழுத்தை வைத்து ஒட்டி எழுதும் பழக்கம் அங்கே வலுப்பட்டது. யுனிக்ஸும் சி மொழியும் சிறிய எழுத்தும் அடிக்கோடுமாக வேறு பாதையில் போயின. அந்தந்தக் காலத்து விசைப்பலகையும் அச்சுப்பொறியும் எதை அனுமதித்தனவோ அதை வைத்து ஒவ்வொரு குழுவும் தனக்கு வசதியானதைச் செய்துகொண்டது. நாமும் நம் எழுத்துக்கு வசதியானதைச் செய்துகொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எந்த நடை படிக்க எளிது என்று ஆய்வும் செய்திருக்கிறார்கள். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கேமல் கேஸில் துல்லியம் கூடுதல் என்றது. 2010-இல் கண்ணசைவைப் பதிவு செய்து நடத்திய மற்றோர் ஆய்வு, துல்லியத்தில் வேறுபாடில்லை, அடிக்கோட்டுப் பெயர்களை விரைவாக அடையாளம் காண்கிறார்கள் என்றது. இரண்டும் ஆங்கிலப் பெயர்களை வைத்துச் செய்தவை. பெரிய எழுத்துக்கு ஒலி வேறுபாட்டையும் சுமத்தி வைத்திருக்கும் நம்மைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. ஆகவே இந்த வாதத்தில் யாரும் அவற்றைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

சரி, பெரிய எழுத்தை எடுத்துவிட்டால் ளகரத்தை எப்படிக் காட்டுவது? யூனிகோட் தரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்களை முழுதும் பெரிய எழுத்தில்தான் எழுதுகிறார்கள், ஆகவே எழுத்தின் அளவை வைத்து எதையும் வேறுபடுத்த முடியாது. லகரத்துக்கு ஓர் எல், ளகரத்துக்கு இரண்டு எல், ழகரத்துக்கு மூன்று எல். நகரத்துக்கு ஓர் என், ணகரத்துக்கு இரண்டு, னகரத்துக்கு மூன்று. றகரத்துக்கு இரண்டு ஆர். தனி எழுத்தைக் குறிக்கும் பெயர்களுக்கு, அதாவது எழுத்து அட்டவணை, எழுத்துரு, விசைப்பலகை வரைபடம் போன்றவற்றுக்கு, இதையே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முழுச் சொல்லுக்கு இது உதவாது. ‘பல்லி’யில் இரட்டித்து வரும் லகரமும் ‘புளி’யில் வரும் ஒற்றை ளகரமும் ஒரே மாதிரி இரண்டு எல் ஆகிவிடும். ழகரத்துக்கு இஸட், எச் சேர்த்து எழுதுவது ஊர்ப்பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது, அது இருக்கட்டும்.

மற்றவற்றுக்கு என் கருத்து இது: ஆங்கில எழுத்தில் எழுதும் பெயரில் லகர ளகர வேறுபாட்டைக் காட்ட முயலவே வேண்டாம். எல்லாம் சிறிய எழுத்து, சொற்களுக்கிடையே அடிக்கோடு. இரண்டு பெயர் மோதினால் ஒரு பெயரை மாற்றுங்கள். ‘கொல்’லுக்குப் பதில் ‘நிறுத்து’, ‘கொள்’ளுக்குப் பதில் ‘எடு’ அல்லது ‘பெறு’. ‘நிறை’க்குப் பதில் ‘எடை’. மொழியில் சொல்லுக்கா பஞ்சம்? ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பைப் பாருங்கள். உயிர், மெய், வல்லினம், மெல்லினம் போன்ற இலக்கணச் சொற்கள் அதில் சிறிய எழுத்திலும் அடிக்கோட்டிலும்தான் இருக்கின்றன. வல்லினத்தில் லகரம் இரட்டித்திருக்கிறது என்பதைச் சொல்ல யாரும் பெரிய எழுத்தைத் தேடவில்லை. படிப்பவர் யாரும் தடுமாறுவதுமில்லை.

ஜாவா, சி ஷார்ப் போன்ற மொழிகளில் எழுதுபவர்கள் அந்த மொழியின் மரபை உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கே கேமல் கேஸில்தான் எழுதுங்கள். அப்போது பெரிய எழுத்து சொல் எல்லைக்கு மட்டுமே உரியது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒலிக்கு அதில் பங்கு கிடையாது.

இதைவிட நல்ல வழி, தமிழ் எழுத்திலேயே பெயர் வைப்பது. பைத்தான் 2008 இறுதியில் 3.0 பதிப்பாக வந்ததிலிருந்து அது முடியும். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், சி ஷார்ப் எல்லாவற்றிலும் முடியும். ரஸ்ட் மொழியில் 2021 முதல் முடியும். நம் எழுத்தில் பெரியது சிறியது இல்லை, ளகரத்தை ஒளித்து வைக்க வேண்டிய தேவையும் இல்லை. தமிழிலேயே நிரல் எழுத உருவான எழில் மொழி, திரையில் காட்டு என்பதற்குத் தமிழில் ‘பதிப்பி’ என்று எழுதி நிரலை ஓட்டிக் காட்டிய பிறகு, இது நடக்கிற காரியமா என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆனால் தமிழ் எழுத்தில் எழுதும்போது ஆங்கில மரபின் சில வசதிகள் போய்விடுகின்றன. அவற்றுக்கு மாற்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும், இதுவரை நாம் உட்கார்ந்து பேசவில்லை. ஆங்கிலத்தில் கிளாஸின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி, அந்தக் கிளாஸில் உருவான பொருளை அதே சொல்லால் சிறிய எழுத்தில் அழைத்துவிடுவார்கள். தமிழில் கிளாஸும் ‘மரம்’, பொருளும் ‘மரம்’ என்றால் இரண்டாவது முதலாவதை அழித்துவிடும். கிளாஸை ‘மர_வகை’ என்றும் பொருளை ‘மரம்’ என்றும் வைக்கலாம் என்பது என் எண்ணம். வேறு சிலர் கிளாஸை ‘மரம்’ என்றும் பொருளை ‘இந்த_மரம்’ என்றும் வைக்கிறார்கள், அதுவும் படிக்க நன்றாகவே இருக்கிறது. மாறிலிக்கு ‘மாறா_’ என்று முன்னொட்டு வைத்தால் போதும் என்று தோன்றுகிறது. வெளியார் தொடக்கூடாத பெயருக்கு முன்னால் அடிக்கோடு வைப்பது பைத்தானில் எழுத்தின் அளவைச் சாராத மரபு, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஃபங்ஷனையும் மாறியையும் பிரித்துக் காட்ட நமக்கு எந்த அடையாளமும் தேவையில்லை. தமிழ் ஏவல் வினை தானாகவே தெரியும்: சேர், நீக்கு, தேடு, எண்ணு. பெயர்ச்சொல் மாறிக்கு, ஏவல் ஃபங்ஷனுக்கு. ஆங்கிலத்தில் வினையும் பெயரும் ஒரே வடிவில் கிடக்கும் சொற்கள் எத்தனையோ உண்டு, அந்தக் குழப்பம் நமக்குக் குறைவு.

அடுத்தது புணர்ச்சி. இதில்தான் எனக்கு நண்பர்களோடு கருத்து வேறுபாடு அதிகம். சொல்லும் பட்டியலும் சேர்ந்தால் ‘சொற்பட்டியல்’. மரமும் கிளையும் சேர்ந்தால் ‘மரக்கிளை’. நல்ல தமிழ் அதுதான். ஆனால் நிரலில் ‘சொல்’ வரும் இடங்களையெல்லாம் தேட வேண்டியிருக்கும். ‘சொல்’ என்று தேடினால் ‘சொற்பட்டியல்’ அகப்படாது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரக்கிளை’ வராது. பெயரை மாற்றும் கருவிகளும் அதைத் தவறவிடும். ஆகவே நிரலுக்குள் ‘சொல்_பட்டியல்’, ‘மரம்_கிளை’ என்று சொற்களை இயல்பு வடிவில் நிறுத்தி நடுவில் அடிக்கோடு இடுங்கள். மேலே ‘மர_வகை’ என்று எழுதினேனே என்றால், ஆம், அதையும் இந்தக் கணக்கில் ‘மரம்_வகை’ என்று எழுதுவதே முறை. பயனர் பார்க்கும் திரையில் ஒற்று மிகும் இடத்தில் மிக வேண்டும், புணர வேண்டிய இடத்தில் புணர வேண்டும். அங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது. நிரலில் பெயர் என்பது தேடுவதற்கும் இணைப்பதற்குமான கொக்கி, அங்கே சொல் உடையாமல் இருப்பதே முதன்மை. இதை மொழிச்சிதைவு என்று பார்க்கும் நண்பர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. அடிக்கோடு இருக்கும் இடத்தில் இரண்டு சொற்கள் தனித்தனியாக நிற்கின்றன என்று கொண்டால், தனிச் சொற்களுக்கிடையே புணர்ச்சி கட்டாயமில்லை.

தமிழ் எழுத்துப் பெயர்களில் இன்னொரு கண்ணியும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். பைத்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றாக்காது, கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரிவது அங்கே இரண்டு பெயராகிவிடும். பழைய கருவிகளிலிருந்து உரையை ஒட்டும்போது கவனியுங்கள். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டும் பழக்கத்தை எந்த மொழியும் சரிசெய்து தராது.

இனி, எனக்கு மிகவும் வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். சில மொழிகளில் பெரிய எழுத்து வெறும் நடை அல்ல, இலக்கணம். ரூபியில் கிளாஸின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியே ஆக வேண்டும். ஹாஸ்கெலில் வகையின் பெயரும் அப்படியே. தமிழ் எழுத்துக்குப் பெரிய வடிவம் இல்லை, ஆகவே தமிழில் பெயர் வைக்க வேண்டுமென்றால் முன்னால் ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்தை ஒட்டியாக வேண்டும். ‘கோ’ என்ற நிரல் மொழியில் நிலை இன்னும் மோசம். அங்கே ஒரு பெயரைத் தொகுப்புக்கு வெளியே பயன்படுத்த வேண்டுமென்றால் அது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். அதோடு, பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றுக்கு மட்டுமே இடம். யூனிகோட் கணக்கில் நம் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் கொக்கியும் எழுத்துகள் அல்ல, சேர்க்கைக் குறிகள். அவற்றுக்குக் கோ-வில் இடமில்லை. ‘பல’ என்று பெயர் வைக்கலாம், ‘பல்’ என்று வைக்க முடியாது. ‘பெயர்’ என்ற சொல்லையே பெயராக வைக்க முடியாது. அகர உயிர்மெய்யும் தனி உயிரும் மட்டும் கொண்ட தமிழ்ச் சொற்களைத் தேடிப் பாருங்கள், ஒரு சிறு நிரலுக்குக் கூடப் போதாது.

கோ-வை வடிவமைத்த மூவரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் இருக்கிறார்கள். யூனிகோட் எழுத்துகளைக் கணினியில் சேமிக்க உதவும் யுடிஎஃப்-8 குறிமுறையை 1992-இல் உருவாக்கியவர்களும் அவர்களே. இன்று நீங்கள் திரையில் தமிழ் படிப்பதில் அந்தக் குறிமுறைக்குப் பெரும் பங்குண்டு, அதற்கு நான் நன்றியுடையவன். கோ-வின் கேள்வி பதில் பக்கமே இந்தக் குறையை மறைக்காமல் சொல்கிறது. சேர்க்கைக் குறிகளை விலக்கியதால் தேவநாகரி போன்றவை விடுபடுகின்றன என்றும், பெரிய எழுத்து இல்லாத எழுத்துமுறைகளில் எழுதிய பெயரை வெளியே அனுப்ப முடியாது என்றும், முன்னால் ஆங்கில எக்ஸ் ஒட்டுவது நிறைவான தீர்வு அல்ல என்றும் அதில் இருக்கிறது. 2009-இல் பொதுவில் வந்த மொழி அது. குறை இன்னும் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஜப்பானிய எழுத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது, தேவநாகரியின் பெயர் இருக்கிறது. தமிழ் இல்லை. நாம் போய்ச் சொல்லாதவரை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இதையெல்லாம் கேட்டு, ‘ஆங்கிலத்திலேயே பெயர் வைத்துவிட்டால் போயிற்று’ என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அலுவலக நிரலுக்கு அது சரி. தமிழ் இலக்கணத்தை ஆராயும் நிரலுக்கு எப்படிச் சரியாகும்? குற்றியலுகரத்துக்கும், வினையாலணையும் பெயருக்கும், ஆகுபெயருக்கும், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்கும் ஆங்கிலத்தில் பெயர் தேடினால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று எழுதுவார்கள். தொல்காப்பியமும் நன்னூலும் ஏற்கெனவே கலைச்சொல் கொடுத்துவிட்ட துறை இது. அந்தச் சொல்லைத் தமிழ் தெரிந்த எந்த ஆசிரியரும் நிரலில் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். கணினி தெரியாத தமிழாசிரியர் நம் நிரலின் பிழையைச் சுட்டிக்காட்ட முடிகிற நிலை எவ்வளவு அருமையானது என்று நினைத்துப் பாருங்கள். அதற்குப் பெயர்கள் அவருக்குப் படிக்க வர வேண்டும். சொல்லின் நடுவே திடீரென்று பெரிய எழுத்து எழுந்து நிற்கும் வரியை அவரால் படிக்க முடியாது.

எனவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு களஞ்சியத்திலும், பங்களிப்போருக்கான குறிப்புக் கோப்பில், பெயர் வைக்கும் முறை பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் பெரிய எழுத்துக்கு ஒலி கிடையாது என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும். மொழி அனுமதித்தால் தமிழ் எழுத்து, சொற்களுக்கிடையே அடிக்கோடு, புணர்ச்சி இல்லாமல். பழைய பெயர்களை ஒரே நாளில் மாற்ற வேண்டாம், அவற்றை நம்பி ஓடும் நிரல்கள் உடைந்துவிடும். புதிய பெயரைச் சேர்த்து, பழையது இந்தப் பதிப்போடு நிற்கும் என்று அறிவித்து, இரண்டு பதிப்புகள் கழித்து எடுத்துவிடுங்கள். கோப்புப் பெயர்களில் மோதல் இருந்தால் அதை மட்டும் இப்போதே சரிசெய்யுங்கள், விண்டோஸ் வைத்திருக்கும் மாணவர்கள் காத்திருக்க முடியாது. வார இறுதிப் பயிலரங்குகளில் பைத்தான் சொல்லிக்கொடுப்பவர்கள், முதல் வகுப்பின் முதல் நிரலிலேயே ஒரு மாறிக்காவது தமிழ் எழுத்தில் பெயர் வைத்துக் காட்டுங்கள்.

கிளாஸுக்கும் பொருளுக்கும் பெயர் வைக்கும் முறையில் நான் சொன்னதுதான் சரி என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. ‘வகை’ என்று முடிப்பதா, ‘இந்த’ என்று தொடங்குவதா, மாறிலிக்கு என்ன செய்வது என்பதை ஒரு கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம். உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் நடத்தும் தமிழ் இணைய மாநாட்டில் இதற்கு ஓர் அமர்வு கேட்கலாம். 1999-இல் சென்னையில் கூடி விசைப்பலகைக்குப் பொது முடிவு எடுத்த சமூகம் இது, பெயர்களுக்கும் எடுக்க முடியும். அந்த அமர்விலேயே கோ மொழிக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய குறிப்பையும் எழுதி முடிப்போம்: எந்தெந்தத் தமிழ்ச் சேர்க்கைக் குறிகள் விடுபடுகின்றன, அன்றாடச் சொற்களில் எவை எழுத முடியாமல் போகின்றன, வெளியே அனுப்பும் பெயரை வேறு எப்படிக் குறிக்கலாம் என்று எடுத்துக்காட்டுகளோடு. ஜப்பானிய, இந்தி, மலையாள, சிங்கள நிரலர்களையும் கையெழுத்திட அழைக்கலாம், இந்தக் குறை அவர்களுக்கும் உண்டு. குறிப்பின் முதல் வரைவை எழுத நான் முன்வருகிறேன். திருத்த வேண்டியவர்கள் நீங்கள்.

அன்புடன்,
தமிழ் நிரல் எழுதும் உங்களில் ஒருவன்